கடலுக்கு ஒரு மகமை

1

காரைக்குடியில் கடல் கிடையாது. ஊருணிகள் உண்டு, மழை பொய்த்த வருஷங்களில் அவற்றிலும் தண்ணீர் கிடையாது. ஆயினும் இது கடலால் வாழ்ந்த ஊர் என்பதை இங்குள்ள எந்தப் பெரிய வீட்டின் முகப்பில் நின்று பார்த்தாலும் அறிந்து கொள்ளலாம். அந்தத் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவை. தரையில் பதித்த சலவைக் கல் இத்தாலியிலிருந்து வந்தது. அவற்றை வாங்கிய பணம் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் சம்பாதித்தது. "கொண்டு விற்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கடல் கடந்தவர்களின் ஊர் இது.

இப்படிப்பட்ட ஊரில் நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பௌதிக உபாத்தியாயராக இருக்கிறேன். வயது நாற்பத்து நான்கு. சர்வகலாசாலையில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றவன். கடலைப் பற்றி எழுத உமக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்டால், ஒரு சிறு யோக்கியதை உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அது எனக்கு வந்த விதம் பெருமைப்படத் தக்கதன்று. ஆகையால் அதை யாரிடமும் சொல்லாமல் இருபது வருஷம் கழித்துவிட்டேன். சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ரகசியம் வெளியாகிவிட்டது.

அன்று, செக்காலைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் செட்டியார் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய புதல்வி என் பழைய மாணவி. வகுப்பில் கேள்வி கேட்டு என்னை வியர்க்க வைத்த மாணவர்களின் எண்ணிக்கை அதிகம் இல்லை. அந்தச் சிறு கூட்டத்தில் அவள் முதல்வி. பௌதிகத்தில் பட்டம் பெற்ற பிறகு, கடல் சாஸ்திரம் படிக்கலாமா என்று அவள் கேட்டபோது, "தாராளமாகப் படி அம்மா!" என்று சொன்னவன் நான். செட்டியாரைச் சம்மதிக்கச் செய்தவனும் நானே. இப்போது அவள் தூரத்து ஊர் ஒன்றில் ஓர் ஆராய்ச்சி சாலையில் வங்காள விரிகுடாவின் உப்பைப் பற்றி ஆராய்ந்து வருகிறாள்.

செட்டியார் திண்ணையில் உட்கார்ந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக் கொண்டார்.

"வாத்தியாரய்யா, நான் முப்பது வருஷமா உப்பு விக்கிறேன். கல்லுப்பும் விக்கிறேன், தூளுப்பும் விக்கிறேன். ஒரு மாசமாவது உப்புக் காசு வராமப் போனதில்லே. என் மகளும் உப்பு வேலைதான் பார்க்கிறா. கடல்லே எவ்வளவு உப்பு இருக்குன்னு அளக்கிறாளாம். ஏழு மாசமா அவளுக்குச் சம்பளம் வரல்லே. விக்கிறவனுக்கு வர்ற காசு அளக்கிறவளுக்கு ஏன் வரல்லே?"

நான் பதில் சொல்லவில்லை.

"கூட இருக்கிற பொண்ணுகிட்டே கடன் வாங்கிச் சாப்பிடுறாளாம். அதையும் எங்கிட்டே சொல்லல்லே. அவ ஆத்தாகிட்டேதான் சொல்லியிருக்கா. நான் போய்க் கூட்டியாந்துடலாம்னு இருக்கேன். பாங்கிப் பரீட்சை எழுதட்டும். நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பா. படின்னு சொன்னவர் நீங்க; போதும்னும் நீங்களே சொல்லிடுங்க."

2

அவர் கோபமாகப் பேசியிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் மரியாதையாகப் பேசினார். மேலும், அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை.

"அண்ணே, அந்த உப்பை எதற்காக அளக்கிறார்கள் என்று தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். உபாத்தியாயருக்கு இக்கட்டான சமயத்தில் பாடம் நடத்துவதைத் தவிர வேறு வழி தெரியாது.

பொதுவாக ஒரு கிலோ கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அரபிக் கடலில் வெயில் நீரை உறிஞ்சிவிடுவதால் அது 36 கிராம் வரை ஏறும். வங்காள விரிகுடாவின் கதை வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி ஆகிய இத்தனை நதிகளும் அதில்தான் வந்து விழுகின்றன. போதாததற்கு மழையும் கொட்டுகிறது. ஆகவே மழைக்காலத்துக்குப் பின் விரிகுடாவின் வட பகுதியில் மேல் நீரின் உப்பு 30 கிராமுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. உப்புக் குறைந்த நீர் லேசானது. அது அடியிலுள்ள கனத்த நீரோடு எளிதில் கலப்பதில்லை. பாலின் மேல் ஆடை படிந்தாற்போல் மேலேயே பரவி நிற்கிறது. காற்று எவ்வளவு கலக்கினாலும் ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் சுலபமாக மேலே வர முடிவதில்லை. அதனால் மேல் நீர் சூடாகவே இருக்கிறது. அந்தச் சூட்டிலிருந்துதான் மேகமும் புயலும் தங்களுக்கு வேண்டிய தீனியைப் பெறுகின்றன. அரபிக் கடலைவிட வங்கக் கடலில் புயல்கள் அதிகம் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐப்பசி மாதத்தில் நம் ஊருணி நிரம்புமா, நிரம்பாதா என்ற கேள்விக்கு விடையில் ஒரு பங்கு, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் கடலின் மேல்தோலில் உப்பு எவ்வளவு என்பதில் அடங்கியிருக்கிறது. செட்டியாரின் புதல்வி அளப்பது அதைத்தான்.

"அளந்து சொன்னா யாருக்கு லாபம்?" என்றார் செட்டியார்.

"எல்லோருக்கும்."

"எல்லாருக்கும்னா யாரு காசு கொடுப்பா?"

கேள்வியின் முடிச்சு முழுவதும் அங்கேதான் இருந்தது. உப்பை விற்பவருக்கு வாங்குபவர் காசு கொடுக்கிறார். கடலின் உப்பை அளந்து சொல்லும் அறிவை யாரும் பொட்டலம் கட்டி வாங்குவதில்லை. அதன் பலன் திருவாடானை விவசாயிக்கும், ராமேசுவரம் மீனவருக்கும், சென்னைப் பட்டணத்தில் வெள்ளத்துக்கு அஞ்சுகிறவருக்கும் பங்காகப் போய்ச் சேருகிறது. ஒவ்வொருவருக்கும் கிடைப்பது கொஞ்சம். ஆகவே அதற்காகத் தனியே பணம் கொடுக்க ஒருவரும் முன்வருவதில்லை. அதனால்தான் உலகம் முழுவதும் கடலை அளக்கும் வேலை சர்க்கார் மானியத்தை நம்பியே நடக்கிறது.

வேடிக்கையைப் பாருங்கள். ஒரு காலத்தில் நம்மை ஆண்ட அன்னிய சர்க்கார் உப்புக்கு வரி போட்டது. 1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து சென்று வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சிறை புகுந்தார். உப்பிலிருந்து பணம் எடுத்த சர்க்கார் போய், உப்பை அளப்பதற்குப் பணம் கொடுக்கும் சர்க்கார் நமக்கு வந்திருக்கிறது. இது சாமான்யமான மாறுதலா? ஆனால் கொடுக்கும் பணம் காலத்தில் வந்து சேர வேண்டுமல்லவா?

3

சுதந்திரம் வந்த புதிதில் நம்மிடம் கடல் ஆராய்ச்சிக்கென்று சொல்லிக் கொள்ளும்படியான ஏற்பாடு அதிகம் இல்லை. ஆயிரக்கணக்கான மைல் கடற்கரையும், வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இல் ஆரம்பித்த சுதேசிக் கப்பல் கம்பெனியின் நினைவும்தான் இருந்தன. கடலில் கப்பல் விட அன்று தைரியம் பிறந்தது. கடலை அறிந்து கொள்ளும் தைரியம் பிறக்க இன்னும் ஐம்பது வருஷங்கள் ஆயின.

1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சர்வதேச இந்து மகா சமுத்திர ஆராய்ச்சி என்ற பெரிய முயற்சி தொடங்கி 1965 வரை நடைபெற்றது. பத்துக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் நாற்பது கப்பல்கள் வந்தன. நம் சர்க்கார் 'கிஸ்த்னா' என்ற கடற்படைக் கப்பலை விஞ்ஞானிகளுக்குக் கொடுத்தது. போருக்கென்று கட்டிய கப்பலில் பாட்டில் பாட்டிலாகக் கடல் நீர் எடுத்தார்கள். அந்த முயற்சியின் பலனாக 1966-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று தேசியக் கடல் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. அதன் தலைமை ஸ்தானம் இப்போது கோவாவில் இருக்கிறது.

இதில் எங்கள் ஊருக்கு ஓர் உறவுமுறை உண்டு. கோவாவில் இருக்கும் அந்த நிலையமும், காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் சி.எஸ்.ஐ.ஆர். என்ற ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். எங்கள் நிலையம் மூத்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு பொங்கல் சமயத்தில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். கடற்காற்று இரும்பை எப்படித் தின்கிறது என்று ஆராய்வதற்காக அந்த நிலையத்தார் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக் காற்றிலும் வைத்துப் பார்த்தார்கள். அழகப்பர் பெயரிலுள்ள சர்வகலாசாலையோ தொண்டியில் ஒரு கடலியல் துறையையே நடத்துகிறது. ஆகவே, காரைக்குடிக்குக் கடல் அன்னியம் என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு 1981-இல் மத்திய சர்க்கார் சமுத்திர அபிவிருத்திக்கென்று தனி இலாகா அமைத்தது. 1983-இல் 'சாகர் கன்யா' என்ற ஆராய்ச்சிக் கப்பல் வந்தது. 1999-இல் கடல் தகவல் நிலையம் ஒன்று ஏற்பட்டது. அது அமைந்த ஊர், கடலையே காணாத ஹைதராபாத். ஆனால் சிரிப்பதற்கு முன் கவனியுங்கள்: கடலில் மிதக்கும் கருவிகள் ஆகாயத்திலுள்ள செயற்கைக் கோள்களுக்குச் செய்தி அனுப்புகின்றன, அதைக் கேட்க ஹைதராபாத்தில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதவைகள் இப்படி உழைக்கின்றன. இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்கு மூழ்கிப் பத்து நாளுக்கு ஒரு முறை மேலே வந்து சூட்டையும் உப்பையும் சொல்லிவிட்டு மறுபடியும் மூழ்கிவிடுகின்றன. சம்பளம் வரவில்லை என்று அவை முறையிடுவதில்லை!

அதே 1999-இல் இந்து மகா சமுத்திரத்தின் மேற்குப் பாகமும் கிழக்குப் பாகமும் ஏற்றம் இறைப்பதைப் போல் ஒன்று சூடேற, மற்றொன்று குளிர்கிறது என்ற உண்மை வெளியாயிற்று. அதை எழுதியவர்கள் நால்வர்: சஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன் என்ற மூன்று இந்தியர்களும், யமகாட்டா என்ற ஜப்பானியப் பேராசிரியரும். 1997-இல் பசிபிக் சமுத்திரத்தில் எல் நினோ உக்கிரமாக இருந்தும் நம் நாட்டில் பருவமழை பொய்க்காததற்கு இந்த ஏற்றம் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நம் ஐப்பசி மழைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த நால்வர் மந்திரம் போட்டு இதைக் கண்டுபிடிக்கவில்லை. யார் யாரோ எந்தெந்தக் கப்பலிலோ நின்று பல வருஷம் விடாமல் அளந்து எழுதி வைத்த கணக்குகளிலிருந்து கண்டுபிடித்தார்கள்.

"விடாமல் அளந்து" என்று நான் சொல்லி நிறுத்திய அந்தக் கணத்தில், என் மனைவி காப்பியுடன் வந்தாள்.

4

"இவரும் ஒரு காலத்தில் கடலை அளந்தவர்தான். பாதியிலே விட்டுவிட்டு வந்துவிட்டார். உங்களிடம் சொல்லவில்லையா?" என்றாள் அவள், மிகச் சாதாரணமாக. டம்ளரைச் செட்டியார் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செட்டியார் என்னைப் பார்த்தார். இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

2003-ஆம் வருஷம் நான் பட்டம் பெற்றதும் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் எனக்கு வேலை கிடைத்தது. திட்டத்தின் பெயர் நீளமானது, வேலை எளியது. கிழக்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊரின் படகுத் துறையில் அளவு குறித்த மரம் ஒன்றை நட்டிருந்தார்கள். மணிக்கு ஒரு முறை கடல் மட்டம் எவ்வளவு, நீரின் சூடு எவ்வளவு என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இரவும் பகலும் முறை வைத்து நானும் இன்னொரு பையனும் பார்த்தோம். மூன்று வருஷத் திட்டம். முதல் வருஷப் பணம் ஒழுங்காக வந்தது. அந்த வருஷத்தைப் போன்ற சந்தோஷமான வருஷம் என் வாழ்நாளில் அதிகம் இல்லை. நள்ளிரவில் விளக்கைப் பிடித்துக் கொண்டு மரத்தடிக்குப் போவேன். கடல் அமாவாசையை நினைவில் வைத்துக் கொண்டு தவறாமல் ஏறி வரும்.

2004-ஆம் வருஷம் ஆனி மாதம் இரண்டாம் வருஷப் பணம் வர வேண்டும். வரவில்லை. எங்கேயோ ஒரு மேஜையின் மேல் எங்கள் முதல் வருஷக் கணக்கு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. கூட இருந்த பையன் முதலில் கிளம்பினான். புரட்டாசி வரை நான் ஒருவனே பார்த்தேன். துறையில் வலை பின்னும் கிழவர் ஒருவர், "சம்பளம் வராட்டி என்ன தம்பி? கடல் என்ன சம்பளம் வாங்கிக்கிட்டா ஏறுது?" என்று சிரிப்பார். ஐப்பசியில் நானும் நோட்டை மூடிவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டு நிலைமை அப்படி. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவின் அருகே பூமி நடுங்கிற்று. அலை நம் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பசிபிக் சமுத்திரத்தில் 1949 முதலே இருந்த எச்சரிக்கை ஏற்பாடு இந்து மகா சமுத்திரத்தில் அன்று இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். நான் இருந்த துறைக்கு இலங்கைத் தீவு மறைப்பாக நின்றதால் அங்கே அலை அவ்வளவு உயரமாக வரவில்லை, உயிர்ச்சேதமும் இல்லை. அந்தக் கிழவரும் நன்றாகவே இருந்தார். அவர் பின்னால் என்னிடம் சொன்னார்: "தண்ணி உள்ளே போச்சு, வந்துச்சு, மறுபடி போச்சு. உன் மரத்தைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். எனக்கு எழுதத் தெரியாதே!"

எங்கள் மரம் ஓர் உயிரைக்கூடக் காப்பாற்றியிருக்காது. அதில் எனக்கு மயக்கம் இல்லை. ஆனால் தீவின் மறைவில் அப்படிப்பட்ட அலை எத்தனை முறை ஏறி இறங்கிற்று, எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம் என்ற கணக்கு அந்தக் கரையில் அந்த மரத்தில்தான் இருந்தது; அதைப் பார்க்க ஆள் இல்லை. அடுத்து வந்த தை மாதத்தில் பணம் வந்தது. முழுப் பணமும் வந்தது. ஒரு பைசா குறையவில்லை. ஆனால் நோட்டில் ஐப்பசி முதல் தை வரையுள்ள பக்கங்கள் வெறுமையாகவே இருக்கின்றன. எத்தனை கோடி ரூபாய் கொடுத்தாலும் அவற்றை இனி நிரப்ப முடியாது.

கட்டடத்துக்கு மானியம் தாமதமானால் கட்டடம் தாமதமாகும், அவ்வளவுதான். கடலை அளக்கும் மானியம் தாமதமானால் அந்த நாட்களின் கடல் போனது போனதுதான். நேற்றைய கடலை இன்று யாராலும் அளக்க முடியாது.

செட்டியார் காப்பியைக் குடிக்கவே இல்லை. அது ஆறிப் போயிருந்தது.

5

சர்க்காரை மட்டும் குறை கூறினால் அது நியாயமாகாது. சுனாமிக்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. 2006-இல் புவி அறிவியல் அமைச்சகம் அமைந்தது. 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் வேலை தொடங்கியது. கடலடியில் நீரின் அழுத்தத்தை அறியும் கருவிகளை வைத்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். ஆனால் இந்த நமஸ்காரம் அடுத்த தலைமுறையின் கண்களுக்கு உதவும். 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆழ்கடல் திட்டத்துக்கென்று ஐந்து வருஷத்துக்கு 4,077 கோடி ரூபாய் அனுமதித்தார்கள். 2023-இல் எல்லா விஞ்ஞானத்துக்குமாக அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் என்று ஒன்றைச் சட்டம் போட்டு அமைத்தார்கள். ஐந்து வருஷத்தில் 50,000 கோடி ரூபாய் என்பது அதன் கணக்கு. ஆனால் அதில் பெரும் பகுதி தனியார் கொடையாக வர வேண்டும் என்பது திட்டம்.

தனியார் கொடை என்றதும் எங்கள் ஊரில் யாரும் முகத்தைச் சுளிப்பதில்லை. அழகப்பரின் ஊரல்லவா? ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும். மின்சாரத்தால் உலோகத்தைப் பிரிக்கும் வித்தைக்குத் தொழிலதிபர் பணம் கொடுப்பார். நாளைக்கு அது தொழிற்சாலையாகும். விரிகுடாவின் உப்பை அளப்பது என்றைக்கும் தொழிற்சாலையாகாது. அந்தச் செலவு கடைசியில் பொதுப் பணத்தின் தலையில்தான் விழும், விழவும் வேண்டும்.

இதற்கு எங்கள் நகரத்தார் வழக்கத்தில் ஒரு பெயர் இருக்கிறது. மகமை என்று சொல்வார்கள். வியாபாரத்தில் வருவதில் ஒரு சிறு பங்கை, லாபம் யாருக்குப் போகும் என்று பார்க்காமல், கோயிலுக்கும் ஊருணிக்கும் பாடசாலைக்கும் என்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுவது. மிஞ்சினால் கொடுப்பதற்குப் பெயர் மகமையன்று. நம் தேசம் ஆராய்ச்சிக்கு எடுத்து வைக்கும் மகமை எவ்வளவு தெரியுமா? 2020-21-ஆம் வருஷக் கணக்குப்படி, தேசத்தின் மொத்த உற்பத்தியில் நூறு ரூபாய்க்கு 64 பைசா. இதில் கடல், வானம், மருந்து, விவசாயம், ராக்கெட் எல்லாம் அடக்கம். தென் கொரியாவில் நூறு ரூபாய்க்கு நான்கு ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்கிறார்கள்.

தொகை குறைவு என்பது ஒரு குறை. அதைக்காட்டிலும் பெரிய குறை, தொகை வந்து சேரும் விதம். ஆராய்ச்சியாளர் விண்ணப்பம் எழுதுகிறார்; நிபுணர் குழு பார்க்கிறது; மூன்று வருஷத்துக்கு அனுமதி கிடைக்கிறது. பணம் மட்டும் வருஷா வருஷம் தவணையாக வருகிறது. முதல் தவணை செலவான விதத்துக்கு அத்தாட்சிப் பத்திரம் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த தவணை. கணக்குக் கேட்பது தவறா? ஒருநாளும் இல்லை. ஜனங்களின் பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஐந்தொகை எழுதிப் பழகிய ஊரில் பிறந்த நான் வேறு விதமாகச் சொல்ல முடியாது. ஆனால் கணக்கைப் பார்க்கிறவர் ஒரு மாதத்தில் பார்க்கட்டும். பார்க்கும் வரை கடலோரத்தில் நிற்கிறவனுக்குச் சோறு போடட்டும். ஆராய்ச்சி மாணவர்களின் உபகாரச் சம்பளத்தை 2023-ஆம் வருஷ ஜனவரி முதல் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள். நல்ல காரியம். உயர்ந்த சம்பளம் ஏழு மாதம் வராமற் போனால், வராத தொகையும் அதற்குத் தகுந்தபடி உயர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்!

இதையெல்லாம் நான் சொல்லக் கேட்டுச் செட்டியார் வெகு நேரம் மௌனமாக இருந்தார். பிறகு சொன்னார்:

"எங்க ஐயா, அப்பாவைப் பெத்தவரு, ரங்கூன்லே பெட்டியடிப் பையனா இருந்தவரு. அந்தக் காலத்துலே மூணு வருஷக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு எழுதுவாங்க. எழுதின உடனே சம்பளத்துலே ஒரு பங்கை வீட்டிலே கொடுத்துட்டுத்தான் ஆளைக் கப்பலேத்துவாங்க. எங்க அப்பத்தா அதை வச்சுத்தான் மூணு வருஷம் குடித்தனம் நடத்தினாங்க. முதலாளி கணக்குப் பார்க்காம இருப்பாரா? ஒத்தைக் காசு விடாமப் பார்ப்பாரு. ஆனா, கடல் தாண்டிப் போறவன் வயித்தைக் காயப் போட்டா வேலை நடக்காதுன்னு அவருக்குத் தெரியும்."

நான் ஐந்து பாராவில் சொன்னதை அவர் இரண்டு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

6

"நீங்க அப்போ திரும்பி வந்ததுக்கு இப்போ வருத்தப்படுறீங்களா?" என்று கேட்டார் செட்டியார்.

பதினெட்டு வருஷமாக நான் பாடம் சொல்லி வருகிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நோட்டில் இருக்கும் வெற்றுப் பக்கங்களுக்காக வருத்தம் உண்டு. இரண்டையும் சொன்னேன். அவளை ஊருக்கு வரச் சொல்லி என்னால் எழுத முடியாது என்றும் சொன்னேன்.

"அப்போ மாசா மாசம் அவளுக்கு நான் அனுப்புறேன்" என்றார் அவர். "தகப்பன் கொடுக்கிறதா இல்லே. முன்பணம். பேரேட்டிலே தனிக் கணக்கு போட்டுடறேன்." சற்றுத் தயங்கினார். "கடை நிலைமை உங்களுக்குத் தெரியும். முழுசும் என்னாலே முடியாது. படின்னு சொன்னவரு பங்கு எவ்வளவு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. அவர் பாதி, நான் பாதி என்று முடிவாயிற்று. உள்ளே இருந்த என் மனைவி இதற்கு ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. அன்று பிற்பகல் கடையில் அவர் பேரேட்டை எடுத்து, புதுப் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, "கடல் கணக்கு" என்று எழுதியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஐப்பசியில் அந்தப் பெண் ஆராய்ச்சிக் கப்பலில் விரிகுடாவுக்குள் போனாள். மூன்று வாரம் செய்தி இல்லை. செட்டியார் தினம் கடை அடைத்ததும் என் வீட்டுப் பக்கம் வந்து, வானத்தைப் பார்த்துவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் அவள் எனக்கு எழுதினாள். கம்பி வடத்தில் கருவியைக் கட்டி ஆழத்துக்கு இறக்கினார்களாம்; மின்சாரம் நீரில் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைக் கொண்டு அந்தக் கருவி உப்பைச் சொல்லுமாம். நள்ளிரவு முறை அவளுடையதாம். "மேலே இருபது மீட்டருக்கு உப்புக் குறைந்த நீர், அதற்குக் கீழே திடீரென்று கோடு வளைகிறது, சார். நீங்கள் கரும்பலகையில் போட்ட படம் மாதிரியே இருந்தது" என்று எழுதியிருந்தாள்.

அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை செட்டியாருக்குப் படித்துக் காட்டினேன்.

கார்த்திகைக் கடைசியில் அவளுக்குப் பத்து மாதச் சம்பளமும் மொத்தமாக வந்தது. மறுநாளே கடனைத் திருப்பிவிட்டாள். செட்டியார் என் பங்கை எண்ணி ஓர் உறையில் போட்டுக் கொண்டு வந்து கொடுத்தார். கூடவே ஒரு பொட்டலமும் இருந்தது.

"இது என்ன அண்ணே?"

"கல்லுப்பு. ஒரு கிலோ. வட்டின்னு வச்சுக்குங்க. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும் இல்லையா?"

பேரேட்டில் அந்தக் கணக்கை நேர் செய்துவிட்டீர்களா என்று கேட்டேன். நேர் செய்துவிட்டாராம், ஆனால் பக்கத்தை மூடவில்லையாம். அவளுக்கு இன்னும் இரண்டு வருஷ வேலை பாக்கி இருக்கிறது. அடுத்த தவணை எப்போது வரும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் மழைக்காலம் ஐப்பசியில் தப்பாமல் ஆரம்பித்துவிடும். மானியக் காகிதங்களில் கையெழுத்துப் போடும் கனவான்கள் யாரேனும் இந்தப் பத்திரிகையைப் படிக்க நேர்ந்தால், அவர்களிடம் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயரின் விண்ணப்பம் இதுதான்: கணக்கை நன்றாகப் பாருங்கள், ஆனால் ஆவணிக்குள் பார்த்து முடித்துவிடுங்கள்.